4440 போர்டும் தாம்பரம் ரயிலும்

ரேடியோ, இசைத்தட்டு, கேசட் ஆகியவற்றின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பாடியவர்களைப் பற்றியும் விற்ற கம்பெனிகளைப் பற்றியும் நிறையவே எழுதியிருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் நின்று, காதுக்கு எட்டாத சிக்னலை எட்டும்படி செய்த ஆம்ப்ளிஃபயருக்கு அந்தப் பக்கங்களில் இடம் குறைவு. அதிலும் ரேடியோ மெக்கானிக் தன் கடை மேசையில் அசெம்பிள் செய்து கொடுத்த மலிவு ஆம்புக்கு அறவே இடமில்லை. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் பகுதிகளில் அது டீக்கடையில் பாட்டுப் போட்டது, சின்ன விசேஷங்களுக்கு மைக் செட்டாகப் போனது, வீட்டில் டிவியோடு இணைந்தது, ராத்திரியில் ஹெட்ஃபோனையும் ஓட்டியது. ஒரே பெட்டி இத்தனை வேலை செய்து, சம்பளக்காரர் வாங்கும் விலையிலும் இருந்ததற்குக் கம்பெனிகளின் விலைக்குறைப்பு காரணமில்லை என்பதே என் வாதம். சர்க்யூட் ஒளிவுமறைவில்லாமல் கிடைத்தது, உதிரிபாகம் ஒரு ரயில் டிக்கெட் தூரத்தில் கிடைத்தது, சால்டரிங் தெரிந்த ஆள் பக்கத்துத் தெருவில் இருந்தார். இம்மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் நல்ல ஒலி மலிவானது.

சென்னையில் ஒலிபரப்பு தொடங்கியதே ஹெட்ஃபோன் காலத்தில்தான். சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று 1924 மே மாதம் தொடங்கிய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப், அதே ஆண்டு ஜூலை 31 அன்று 40 வாட் டிரான்ஸ்மிட்டரோடு ஒலிபரப்பைத் தொடங்கியது. பிறகு திறன் 200 வாட்டாக உயர்ந்தது. அன்றைக்கு இருந்ததிலேயே விலை குறைந்த ரேடியோ, கிரிஸ்டல் செட். ஒரு கலீனா கல், அதைத் தொடும் மெல்லிய கம்பிமுனை, ஒரு காயில், கூரைமேல் நீளமான ஏரியல், கடைசியில் ஆயிரக்கணக்கான ஓம் மின்தடை கொண்ட ஹெட்ஃபோன், அவ்வளவுதான். பேட்டரியும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். ஏரியலில் சிக்கிய அலையின் சக்தியே ஒலியாகும் என்பதால் டிரான்ஸ்மிட்டருக்குப் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் அது பயன்பட்டது. நகரத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தள்ளியிருந்த தாம்பரத்தில் 200 வாட் நிலையத்தைப் பிடிக்க வால்வு வைத்துப் பெருக்கியே ஆக வேண்டும். வால்வு விலையுயர்ந்தது, அதற்கான பேட்டரிகளும் அப்படியே. ஆகவே புறநகரைப் பொறுத்தவரை ஆம்ப்ளிஃபயர் ஆடம்பரமாக இருந்ததே இல்லை. அது இல்லையென்றால் கேட்பதற்கே வழியில்லை. பணமில்லாமல் 1927இல் கிளப் மூடப்பட்டது. அதன் டிரான்ஸ்மிட்டரைப் பெற்ற மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பி, கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தது. ரேடியோ வாங்க முடியாத நகரவாசிக்கு அது பெரிய கொடை. ஆனால் நகர எல்லைக்கு வெளியே இருந்தவருக்கு அதில் பங்கில்லை. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலி சென்னை நிலையம் வந்த பிறகே நிலைமை மாறத் தொடங்கியது.

இதற்கிடையே 1931இல் பீச்சிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. ஆபீஸ் போகிறவர்களுக்கு அந்த ரயில் செய்த உதவி எல்லோருக்கும் தெரியும். மெக்கானிக்குகளுக்குச் செய்த உதவியை நான் அதற்குச் சமமாகவே வைப்பேன். எழும்பூரிலோ பார்க்கிலோ இறங்கினால் ரிச்சி தெரு நடக்கும் தூரம். ரேடியோ உதிரிபாகங்களில் தொடங்கி இன்று கம்ப்யூட்டர், மொபைல் வரை வந்துவிட்ட அந்தத் தெருவில் ஒரே ஒரு ரெசிஸ்டரைக்கூட வாங்க முடிந்தது. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸின் ஏசி 127, ஏசி 128 டிரான்சிஸ்டர்களும் கேரளத்தின் கெல்ட்ரான் கண்டென்சர்களும் அந்தந்தக் காலத்தில் இப்படித்தான் புறநகர்க் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. அதே தடத்தில், குரோம்பேட்டையில், சி. ராஜம் 1949இல் எம்.ஐ.டி.யை நிறுவினார். நாட்டில் வேறெங்கும் அரிதாக இருந்த நாளில் எலெக்ட்ரானிக்ஸைத் தனிப் பாடமாக வைத்த கல்லூரி அது. எழுத்தாளர் சுஜாதா அங்கே படித்தது அந்தப் பாடம்தான். தெருமுனை மெக்கானிக்குக்கும் எம்.ஐ.டி.க்கும் நேரடித் தொடர்பு இருந்ததாக நான் சொல்லவில்லை. மெக்கானிக்குகளில் பெரும்பாலோர் ஐ.டி.ஐ.யிலோ இன்னொரு மெக்கானிக்கிடமோ கற்றவர்கள். இருந்தாலும் எலெக்ட்ரானிக்ஸ் என்பது படிக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், பிழைக்கலாம் என்ற நம்பிக்கை ஒரு வட்டாரத்தில் ஊறுவதற்கு இப்படி ஒரு கல்லூரி அங்கே இருப்பதும் ஒரு காரணம்.

மலிவு ஆம்பின் பொற்காலத்தைத் தொடங்கி வைத்தது ஜப்பானின் சான்யோ கம்பெனி கார் ஸ்டீரியோவுக்காகச் செய்த எல்ஏ 4440 என்ற ஐசி. ஒரே வரிசையில் பதினான்கு கால்கள், முதுகில் ஹீட் சிங்க்கோடு திருகிவைக்க ஓர் உலோகத் தகடு. உள்ளே இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள். தனித்தனியாக ஓட்டினால் பக்கத்துக்கு 6 வாட் ஸ்டீரியோ, பிரிட்ஜ் செய்து ஒன்றாக ஓட்டினால் 19 வாட் மோனோ. சில கண்டென்சர்களும் ரெசிஸ்டர்களும் போட்டால் போதும். காருக்கான ஐசி என்பதால் 12 வோல்ட்டில் ஓடும். கரண்ட் இருந்தால் டிரான்ஸ்பார்மர், இல்லையென்றால் பேட்டரி. 2008க்குப் பிறகான மின்வெட்டு ஆண்டுகளை நினைத்துப் பார்த்தால் இந்த ஒரு குணத்தின் மதிப்பு புரியும். ஹெட்ஃபோன் விஷயத்தில் மெக்கானிக்கின் கைத்திறன் இன்னும் தெளிவாகத் தெரியும். ஸ்டீரியோ இணைப்பில் ஒவ்வொரு அவுட்புட்டிலிருந்தும் 100 முதல் 330 ஓம் வரை ஒரு ரெசிஸ்டரை வழியில் வைத்து ஜாக்குக்குக் கொண்டுபோனால், ஸ்பீக்கர் ஆம்பே ஹெட்ஃபோன் ஆம்பாகிவிடும். அந்த ரெசிஸ்டர் காதையும் ஹெட்ஃபோனையும் அதிகச் சத்தத்திலிருந்து காப்பதோடு, பின்னால் கேட்கும் ‘ஸ்ஸ்’ இரைச்சலையும் அமுக்கிவிடும். ஆனால் பிரிட்ஜ் இணைப்பில் ஸ்பீக்கரின் இரண்டு முனைகளிலும் வோல்டேஜ் இருக்கும், கிரவுண்ட் என்று எதுவும் கிடையாது. ஹெட்ஃபோன் ஜாக்கிலோ இரண்டு காதுக்கும் கிரவுண்ட் பொது. இரண்டையும் அப்படியே இணைத்தால் ஐசியே போய்விடலாம். பக்கத்துக்கு ஓர் ஐசியைப் பிரிட்ஜ் செய்து வைத்த டபுள் ஐசி போர்டில் ஹெட்ஃபோன் கேட்டு வந்தவரிடம் ‘இதுல முடியாது, சிங்கிள்ல போட்டுத் தரேன்’ என்று சொல்லும் மெக்கானிக், சர்க்யூட்டைப் புரிந்துகொண்டவர்.

இதெல்லாம் கண்டுபிடிப்பா, டேட்டாஷீட்டைப் பார்த்துக் காப்பியடித்ததுதானே என்று கேட்கலாம். காப்பிதான். ஐசி செய்த கம்பெனியே சர்க்யூட்டை வரைந்து அச்சிட்டுக் கொடுத்தது, எல்லோரும் செய்யட்டும் என்பதற்காகத்தான். 1969 முதல் வெளிவரும் ‘எலெக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ’ போன்ற பத்திரிகைகளும் இதைத்தான் செய்தன. கார் ஐசியை வீட்டுக்கும் மேடைக்கும் காதுக்கும் பொருத்தியது இங்கே நடந்த வேலை, அதற்கு டேட்டாஷீட்டில் விடை கிடையாது. இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கனமானது: அசெம்பிள் செட் உறுமும், சூடாகும், சத்தம் கூடினால் கரகரக்கும். இதை மறுப்பதற்கில்லை. குறை பெரும்பாலும் ஐசியில் இருக்காது. காசை மிச்சம்பிடிக்கச் சிறிய டிரான்ஸ்பார்மரையும் போதாத ஃபில்டர் கண்டென்சரையும் போட்டால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் நேராக்கப்பட்ட பின் மிஞ்சும் 100 ஹெர்ட்ஸ் அலை பாட்டோடு சேர்ந்து உறுமும். கிரவுண்ட் கம்பியைக் கண்ட இடத்தில் இணைத்தாலும் அப்படித்தான். இவை திருத்தக்கூடிய பிழைகள், நல்ல மெக்கானிக்குகள் திருத்தியும் கொடுத்தார்கள். பிஎம்பிஓ என்ற ஊதிப்பெருக்கிய கணக்கில் ஆயிரக்கணக்கான வாட்டை அட்டையில் அச்சடித்து விற்ற கம்பெனிப் பெட்டிகளோடு ஒப்பிட்டால், உள்ளே இருப்பதைத் திறந்து காட்டிய அசெம்பிள் செட்டே நேர்மையானது.

தாம்பரத்தில் எலெக்ட்ரானிக்ஸ் வளர்ந்ததற்கு 1984இல் சானடோரியத்தில் வந்த ஏற்றுமதி மண்டலமான மெப்ஸ்தான் காரணம் என்று சொல்கிறவர்கள் உண்டு. வேலைவாய்ப்புக் கணக்கில் அது சரியாக இருக்கலாம். ஆனால் பெயரே சொல்வதுபோல் அங்கே செய்தது வெளியே போவதற்காகச் செய்தது. மதிலுக்கு இந்தப் பக்கம் இருந்த வீடுகளில் பாடியது ரிச்சி தெருவில் வாங்கியதும், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய செட்டைப் பிரித்து எடுத்த டிரான்ஸ்பார்மரும்தான். அந்தச் சந்தையில் மூடி கழற்றிய ஆம்புகள், கூம்பில்லாத ஸ்பீக்கர்கள், ஒயர்ச் சுருள்கள் இன்றும் தரையில் விரித்துக் கிடக்கின்றன. தேடி வருகிறவர்களும் குறையவில்லை.

கடைசி ஆட்சேபம் இன்றைய காலத்துடையது. மொபைலில் செருகும் விரல் நீள டாங்கிள் ஒன்று, 4440 போர்டைவிடச் சுத்தமாக ஹெட்ஃபோனை ஓட்டுகிறதே, பிறகு எதற்கு இந்தப் பழம்பெருமை? 32 ஓம் இயர்ஃபோனுக்கு டாங்கிள் போதும், அதில் சந்தேகமே இல்லை. 300 ஓம் ஹெட்ஃபோனுக்கு வோல்டேஜ் வேண்டும், அங்கே பல டாங்கிள்கள் மூச்சுத்திணறும். அப்போது தனி ஆம்ப் தேவை, அது விலையுயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. 1990களின் கடைசியில் சூ மாய் என்பவர் மிட்டாய் டப்பாவுக்குள் அடங்கும் ஆம்பின் சர்க்யூட்டை வெளியிட்டார். 2011இல் பெயர் சொல்லாத ஒரு பொறியாளர் ‘ஓ2’ என்ற ஹெட்ஃபோன் ஆம்பின் முழு வரைபடத்தையும் அளவீடுகளையும் வெளியிட்டு, பல மடங்கு விலையுள்ள கருவிகளுக்கு அது ஈடுகொடுப்பதைக் கருவி வைத்தே காட்டினார். உலகமே வியந்து பேசிய அந்த வழி, குரோம்பேட்டை மெக்கானிக்குக்குப் புதிதில்லை: சர்க்யூட்டைத் திறந்து வை, கிடைக்கிற பாகத்தை வைத்துச் செய், தேவைக்கு மேல் செலவழிக்காதே. அளவெடுக்கும் கருவி மட்டும் இவரிடம் இல்லை, காதை நம்பினார். அது பெரிய குறைதான். ஆனால் டாங்கிள் கெட்டால் தூக்கிப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. 4440 போனால் பதினான்கு கால்களில் ஈயத்தை உருக்கி எடுத்து, தகட்டில் புதிதாகப் பேஸ்ட் தடவி, வேறு ஐசி வைத்துத் தருவார்கள். சாயங்காலமே வாங்கிக்கொண்டு போய்விடலாம்.