தாரைச் சப்பிப் பார்த்த காலம்

பஸ் தரிப்பிடத்துக்கு முன்னால் வீதியைக் கொஞ்சம் குனிந்து பார்த்திருக்கிறீர்களா? மற்ற இடமெல்லாம் சமமாகக் கிடக்கிற அதே வீதி, பஸ்கள் வந்து நிற்கிற இடத்தில் மட்டும் சில்லுத் தடத்தில் பள்ளமாகி, ஓரத்தில் புடைத்து நிற்கும். கொந்தராத்துக்காரர் களவெடுத்துவிட்டார் என்றுதான் நாங்களும் முதலில் சொல்வோம். அதுவும் இருக்கலாம். ஆனால் தாரின் குணமும் அதில் இருக்கிறது. (பேச்சுக்குத்தான் தார் என்கிறோம், சரியான பெயர் பிற்றுமின்.) அந்தக் குணத்தை அளக்கப் பழகுவதற்குக் கனகாலம் எடுத்தது.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க நகரங்களில் திரினிடாட் ஏரியிலிருந்து வந்த தாரைக் கொண்டு வீதி போட்டார்கள். அது எவ்வளவு இறுக்கம் என்று அறிய, வேலை தெரிந்தவர்கள் ஒரு துண்டை வாயில் போட்டுச் சப்பிப் பார்ப்பார்களாம். 1888இல் பார்பர் அஸ்போல்ட் நிறுவனத்தின் எச். சி. போவென் பல்லுக்குப் பதிலாக ஊசியைக் கொண்டுவந்தார். இன்றைக்கும் அந்த யோசனைதான்: 25 பாகை செல்சியஸில், 100 கிராம் பாரத்தோடு, 5 செக்கனில் ஊசி எவ்வளவு இறங்குகிறது? இங்கே பாவிக்கிற 60/70 தார் என்றால் 6 முதல் 7 மில்லிமீற்றர்.

வடிவான சோதனை. ஆனால் மத்தியான வெயிலில் எங்கள் தார் வீதி 50 பாகையையும் தாண்டிக் கொதிக்கும். 25 பாகையில் ஊசி சொன்ன கதை அங்கே எவ்வளவு செல்லும்?

இதற்கு ஒழுங்கான பதில் 1954இல் வந்தது. அம்ஸ்டர்டாமில் ஷெல் ஆய்வுகூடத்தில் வேலைசெய்த வான் டெர் பூல், தகைப்பை விகாரத்தால் வகுத்து அதற்கு 'விறைப்பு' என்று பெயர் வைத்தார். உருக்குக்கும் இதே வகுத்தல்தான், ஆனால் அதற்கு ஒரே விடை போதும். தாரிடம் கேட்பதென்றால் இன்னும் இரண்டு கேள்வி வேண்டும்: எவ்வளவு நேரம் அமத்தினீர்கள்? எத்தனை பாகையில்? குளிரில் சட்டென்று அடித்தால் கண்ணாடி மாதிரி உடையும்; சூட்டில் ஆறுதலாக அமத்தினால் பாணி மாதிரி வழியும். இதையெல்லாம் அவர் ஒரே வரைபடத்துக்குள் அடக்கினார். கணினி இல்லாத காலம், அடிமட்டம் ஒன்று போதும்.

இப்போது பஸ் தரிப்பிடத்துக்கு வருவோம். ஓடுகிற பஸ்ஸின் சில்லு ஓரிடத்தை அமத்துவது ஒரு கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. தார் விறைத்து நின்று தாங்கிவிடும். அதே பஸ் மத்தியானம் பத்து நிமிடம் ஆள் ஏற்றி நின்றால், தார் மெல்ல விலகும். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் கொஞ்சம், திரும்பி வராத கொஞ்சம்.

பின்வந்த ஆய்வுகூடங்கள் கல்லும் தாரும் சேர்ந்த கலவையையே உருளையாக வெட்டியெடுத்து, 0.1 செக்கன் அமத்தி, 0.9 செக்கன் விட்டு, திரும்பத் திரும்ப அளந்தன. இனி எங்கள் ஊரில் புது வீதி போட வருகிறவர்கள் ஓர் அறிக்கையை நீட்டினால், நாங்கள் முதலில் தேடப்போவது அது எத்தனை பாகையில் அளந்தது என்பதைத்தான்.