பதினைந்து ஆண்டுகள் காத்த நெருப்பு

நம் தருமபுரிக்குக் கடல் வெகுதொலைவு. ஆயினும் கடல்கடந்த போர்கள் இம்மண்ணைத் தொடாமல் விட்டதில்லை. 1760-இல் ஹைதர் அலியின் தளபதி மக்தூம் அலி, அன்று பாராமகால் எனப்பட்ட நம் பகுதியைக் கைக்கொண்டு, ஆங்கிலேயரின் நெருக்குதலுக்கு ஆளான புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரருக்குத் துணைசெய்யச் சென்றார். எனினும் 1761 ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது.

அதே போரினால் பிரெஞ்சுக்காரரின் மொரீஷியஸ் தீவும் முற்றுகைக்கு அஞ்சியது. உணவு போதாது என்பதால் அடிமைகளைக் கொண்டுவரக் கூடாதென ஆளுநர் தடைவிதித்தார், இரக்கத்தினால் அன்று. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ‘யூத்தில்’ என்னும் கப்பலின் தலைவர் லஃபார்க், தடையை மீறி மடகாஸ்கரில் 160 பேரை விலைக்கு வாங்கினார். 1761 ஜூலை 31 இரவு, மரமற்ற சிறு மணல்தீவொன்றில் கப்பல் மோதி உடைந்தது. கீழ்த்தட்டில் அடைபட்டிருந்த அடிமைகளுள் பலர் மூழ்கி மாண்டனர்.

உடைந்த மரங்களைக் கொண்டு ஒரு படகு கட்டப்பட்டது. அடிமைகளும் அதற்கு உழைத்தனர். செப்டம்பர் 27 அன்று பிரெஞ்சு மாலுமிகள் மட்டும் அதில் ஏறினர். விரைவில் மீட்க வருவோம் என்று வாக்களித்தனர். ஆளுநரோ கப்பல் அனுப்ப மறுத்துவிட்டார்.

கைவிடப்பட்டோர் கடலாமையையும் பறவைகளையும் உண்டு, இறகுகளைப் பின்னி உடுத்து, நெருப்பை அணையவிடாமல் காத்தனர். 1776 நவம்பர் 29 அன்று த்ரோமெலின் என்னும் அதிகாரி அங்குச் சென்றபோது ஏழு பெண்களும் எட்டு மாதக் குழந்தையொன்றுமே உயிரோடிருந்தனர். இன்று அத்தீவு அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

இதனைப் பிறர் கதையென நாம் கடந்துபோக இயலாது. புதுச்சேரியிலிருந்து தமிழரும் அடிமைகளாக மொரீஷியஸுக்கு ஏற்றப்பட்டனர். இந்துமாக்கடலின் அடிமை வணிகத்தில் முஸ்லிம் வணிகர்களுக்கும் பங்கிருந்தது. அடிமையை விடுவிப்பதைச் சில குற்றங்களுக்குப் பரிகாரமாகவும், ஸகாத் பொருளைச் செலவிடும் வழிகளுள் ஒன்றாகவும் ஆக்கிய மார்க்கத்தைப் பின்பற்றியவர்களே அவர்கள். மார்க்கத்தின் மேன்மையைப் பேசும் நாம் அவர்களின் செயலையும் மறைத்தலாகாது.

மாலுமிகள் வாக்கை மறந்தார்கள் என்பதைவிட, சரக்காக எண்ணப்பட்டோருக்குத் தந்த வாக்கு எவரையும் கட்டுப்படுத்தவில்லை என்பதே கொடிது. கொத்தடிமை முறையை நம் நாடு 1976-இல் சட்டத்தால் ஒழித்தது. ஆயினும் முன்பணத்தைக் காட்டி ஒருவரை வேலையில் கட்டிவைக்கும் வழக்கம் இன்றும் ஆங்காங்கே தலைகாட்டுகிறது. நம் வீட்டிலும் கடையிலும் உழைப்போருக்கு நாம் தந்த வாக்கு என்ன, அதில் எது நிலுவையில் உள்ளது என்பதை இன்றிரவே எண்ணிப் பார்ப்போமாக.