மூன்று முகங்களும் நான்கு களங்களும்

எட்டு மெய்ப்பாடுகளை எண்ணிய தொல்காப்பியர், அவை ஒவ்வொன்றும் பிறத்தற்குரிய களங்கள் நந்நான்கு என வகுத்தார். அச்சத்திற்கு அவர் கூறிய களங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பன. கண்ணுக்குப் புலனாகாமல் வருத்தும் தெய்வமும் பேயும் அணங்கின்பாற்படும். கள்வர் என்போர் தீங்கு சூழும் மாந்தர். இறை என்பது நம்மேல் அதிகாரம் உடையோரைக் குறிக்கும். இந்நான்கனுள் இரண்டு மனிதரால் விளைவன என்பது நம் கருத்திற்குரியது. பேய்க்கு ஓரிடம் மட்டுமே தந்து, மனிதருக்கு ஈரிடம் தந்திருக்கிறார் தொல்காப்பியர்.

நந்தனத்தில் கூடும் நம் இலக்கிய வட்டத்தில் பேய்க்கதைகள் இலக்கியமாகுமா என்று ஒரு மாலை நெடுநேரம் விவாதித்தோம். அன்று சொல்ல எண்ணி நேரமின்மையால் விடுத்ததை இம்மலரில் எழுத முற்படுகிறேன். இதற்கு இரண்டு திரைப்படங்களைத் துணையாகக் கொள்கிறேன். ஒன்று இத்தாலியில் உருவானது; மற்றொன்று நம் சென்னையில் உருவானது. இரண்டும் 1963 ஆம் ஆண்டில் வெளிவந்தவை.

இத்தாலியின் மூன்று முகங்கள்

இத்தாலியப் படத்தின் பெயர் 'அச்சத்தின் மூன்று முகங்கள்' எனப் பொருள்படும். ஆங்கில உலகில் அது 'பிளாக் சாபத்' என வழங்கிற்று. இயக்கியவர் மாரியோ பாவா (1914–1980). நெடுங்காலம் ஒளிப்பதிவாளராக இருந்து 1960 இல் இயக்குநராக அறியப்பட்டவர். ஒளியும் நிழலும் அவருக்குக் கைவந்த மொழி.

தனித்தனிக் கதைகள் மூன்றின் தொகுப்பாக இப்படம் அமைந்தது. முதற்கதை 'தொலைபேசி'. தனித்து வாழும் ரோசி என்ற பெண்ணை ஒரு குரல் இரவெல்லாம் தொலைபேசியில் மிரட்டுகிறது. சிறையிலிருந்து தப்பிய பழைய பகைவன் தன்னைத் தேடி வருகிறான் என அவள் நடுங்குகிறாள். இக்கதையில் பேய் இல்லை. இது கள்வரால் வரும் அச்சம்.

இரண்டாவது கதை அலெக்சேய் டால்ஸ்டாய் என்ற உருசிய எழுத்தாளரின் படைப்பைத் தழுவியது. இவர் 'போரும் அமைதியும்' எழுதிய லியோ டால்ஸ்டாய் அல்லர். கொள்ளையன் ஒருவனைக் கொல்லப் புறப்படும் குடும்பத் தலைவர், ஐந்து நாள் கழிந்து திரும்பினால் தம்மை வீட்டுக்குள் விடவேண்டா என்று சொல்லிச் செல்கிறார். கெடு முடியும் பொழுதில் திரும்பி வருகிறார். வந்தவர் குருதி குடிக்கும் பேயோ என ஐயுற்றும், மக்கள் கதவைத் திறந்து விடுகின்றனர். தந்தையின் சொல்லை மீறும் துணிவு யாருக்கும் இல்லை. அவரோ தாம் நேசித்தவர்களையே ஒவ்வொருவராகப் பலிகொள்கிறார். 1931 ஆம் ஆண்டின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தில் புகழ்பெற்ற போரிஸ் கார்லாஃப் இம்முதியவராக நடித்தார். தோற்றத்தில் இது அணங்கின் கதை. உள்ளீட்டில் இறையின் கதை எனலாம்.

மூன்றாவது கதை 'நீர்த்துளி'. இறந்துபோன ஒரு மூதாட்டியின் விரலிலிருந்து மோதிரத்தைக் களவாடுகிறாள் ஒரு செவிலி. அதன்பின் வீட்டில் சொட்டும் ஒவ்வொரு நீர்த்துளியும் அவளைத் துரத்துகிறது. படத்தின் பட்டியலில் இக்கதைக்குச் செக்காவ் என்ற பெயர் இடப்பட்டிருப்பினும், அந்தோன் செக்காவ் இத்தகைய கதை எதனையும் எழுதியவரல்லர். இறந்தவளின் மெழுகு முகத்தை வடித்தவர் இயக்குநரின் தந்தை யூஜெனியோ பாவா.

மூன்றாவது கதையைக் காணுந்தோறும் எனக்கு மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் நினைவுக்கு வரும். சுடுகாட்டில் பேய்மகளைக் கண்டு நடுங்கி, வீடு வந்து உயிர்விடுகிறான் சார்ங்கலன் என்ற சிறுவன். பேய் என் மகனைக் கொன்றதே என்று தாய் கோதமை முறையிட, சம்பாபதித் தெய்வம் அதனை மறுக்கிறது. உயிரைக் கவர்ந்தது பேயன்று, அவனது பேதைமையை வழியாகக் கொண்ட ஊழ்வினையே என்கிறது. செவிலியை வருத்துவதும் அவள் செய்த வினையே அன்றோ?

பேயைச் சேர்த்தவர்கள்

இப்படம் அமெரிக்காவுக்குச் சென்றபோது நேர்ந்ததே நம் ஆய்வுக்கு உயிரானது. அமெரிக்கன் இண்டர்நேஷனல் பிக்சர்ஸ் என்ற நிறுவனம் 1964 இல் அதனை அங்கே வெளியிட்டது. இளையோர் கூட்டத்தை எதிர்நோக்கிய அந்நிறுவனம் கதைகளின் வரிசையை மாற்றியது. ராபர்ட்டோ நிக்கலோசியின் இசையை நீக்கி, லெஸ் பாக்ஸ்டரின் இசையை இட்டது. எல்லாவற்றினும் பெரிய மாற்றம் 'தொலைபேசி'யில் நிகழ்ந்தது. ரோசிக்கும் அவள் தோழிக்கும் இருந்த காதலுறவு மறைக்கப்பட்டது. மிரட்டுபவன் உயிருள்ள மனிதன் என்பதும் மாற்றப்பட்டது. அவன் இறந்தவனாகவும், ஆவியாக வருபவனாகவும் ஆக்கப்பட்டான்.

ஒரு பெண் ஒரு மனிதனுக்கு அஞ்சுகிறாள் என்பது வணிகருக்குச் சங்கடமாக இருந்தது. பேய்க்கு அஞ்சுகிறாள் என்றால் எவர்க்கும் இழுக்கில்லை. கள்வரின் களத்திலிருந்து அச்சத்தைப் பெயர்த்து அணங்கின் களத்தில் நட்டுவிட்டனர் என்க.

இத்தாலியிலும் படம் பெரு வெற்றி பெறவில்லை. எனினும் அதன் பெயர் வேறு வழிகளில் நிலைத்தது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஓர் இசைக்குழு 1969 இல் 'பிளாக் சாபத்' என்ற பெயரைச் சூடிப் புகழ்பெற்றது. காலப்போக்கில் இத்தாலிய வடிவமே குறுந்தட்டுகள் வழியாகப் பலரையும் அடைந்தது. பாவாவின் ரோசி யாருக்கு அஞ்சினாள் என்பதை உலகம் தெளிவாக அறியப் பல்லாண்டுகள் ஆயின.

தமிழில் அதே ஆண்டு

பல சிறு கதைகளைத் தொகுத்து ஒரே படமாக்குவது தமிழுக்குப் புதிதன்று. 1939 இல் வெளிவந்த 'சிரிக்காதே' நகைச்சுவைக் குறும்படங்களின் தொகுப்பே. நகைக்குக் கிட்டிய அத்தொகுப்பு வடிவம் அச்சத்திற்குப் பெருந்திரையில் அன்று வாய்க்கவில்லை. 1990களில் சின்னத்திரையில் 'மர்மதேசம்' என்ற பொதுத்தலைப்பில் தனித்தனிக் கதைகள் தொடர்களாக வந்தபோதுதான் அது பரவலாயிற்று.

ஆயினும் 1963 இல் சீதர் இயக்கிய 'நெஞ்சம் மறப்பதில்லை' அச்சத்தின் வேறொரு முகத்தைக் காட்டியது. கல்யாண்குமாரும் தேவிகாவும் முற்பிறவிக் காதலர். அக்காதலைப் பொறாமல் அழித்த ஜமீன்தாராக நம்பியார் நடித்தார். காதலர் மறுபிறவி எடுத்து வந்தபோது அவர் நூறு வயதைக் கடந்தும் உயிரோடு காத்திருக்கிறார். சிறுவயதில் இப்படத்தைத் தொலைக்காட்சியில் கண்ட இரவு நான் பாட்டியின் முந்தானையைப் பற்றிக்கொண்டு உறங்கியது நினைவிருக்கிறது. இறந்து பிறந்தவர்களைக் கண்டு நான் அஞ்சவில்லை. சாகாமல் இருந்தவரைக் கண்டே அஞ்சினேன்.

சென்னை மாகாணத்தில் ஜமீன் முறையை ஒழிக்கும் சட்டம் 1948 இல் இயற்றப்பட்டது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் திரையில் ஒரு ஜமீன்தார் சாக மறுக்கிறார். சட்டம் நீக்கிய இறை நெஞ்சிலிருந்து நீங்கவில்லை என்பதற்கு இதனினும் பொருத்தமான படிமம் வேண்டுமோ? இத்தாலியக் கதையின் முதியவரும் நம் ஜமீன்தாரும் ஒருவரையொருவர் அறியாத உடன்பிறப்புகள்.

இப்படத்தின் ஒளிப்பதிவாளர் ஏ. வின்சென்ட். பாவாவைப் போலவே ஒளிப்பதிவிலிருந்து இயக்கத்திற்கு வந்தவர். அவர் இயக்கிய முதற்படமான 'பார்கவி நிலையம்' 1964 இல் மலையாளத்தில் வெளிவந்தது. வைக்கம் முகம்மது பஷீர் தம் கதையைத் தழுவித் தாமே திரைக்கதை எழுதினார். பேய்வீடு என்று ஊரார் அஞ்சும் வீட்டில் குடியேறும் எழுத்தாளன், அப்பெண்ணின் கதையைத் தேடி எழுதுகிறான். அவள் தற்கொலை செய்துகொண்டாள் என்பது ஊரார் பேச்சு. கொலையுண்டாள் என்பது உண்மை. பேயென்று பழிக்கப்பட்டவளே தீங்கிழைக்கப்பட்டவள் என்று காட்டிய படம் அது.

தமிழில் தொடர்ந்து வந்த 'யார் நீ' (1966) வெண்ணிற ஆடையணிந்த மர்மப் பெண்ணைக் காட்டி, முடிவில் அதனை மனிதச் சூழ்ச்சி என விளக்கிற்று. இது 'வோ கௌன் தீ' என்ற இந்திப் படத்தின் தழுவல். 'அதே கண்கள்' (1967) படத்திலும் அச்சத்தின் ஊற்று மனிதனே. அமெரிக்க வணிகர் மனிதனைப் பேயாக்கினர். நம்மவர் பேயைக் கலைத்து மனிதனைக் காட்டினர். இதனைக் கலைக்குறை எனச் சிலர் கருதுவர். நான் அவ்வாறு கருதவில்லை.

மரக்குதிரை

இத்தாலிய வடிவத்தின் இறுதியில் முதியவர் வேடத்திலேயே கார்லாஃப் குதிரைமேல் விரைந்தபடி நம்மோடு பேசுகிறார். பின்னர்க் கருவி பின்னோக்கி நகர, அது பொம்மைக் குதிரை என்பதும், படப்பிடிப்புக் குழுவினர் மரக்கிளைகளை ஏந்திச் சுற்றிச் சுற்றி ஓடுகின்றனர் என்பதும் தெரியவரும். தெருக்கூத்தில் கட்டியங்காரன் ஆட்டத்திற்கும் அவைக்கும் நடுவே நின்று நகைப்பதை அறிந்த நமக்கு இது வியப்பளிக்காது. அமெரிக்க வடிவத்தில் இக்காட்சி வெட்டப்பட்டது. அச்சத்தின் பொறியை அவிழ்த்துக் காட்டும் நகையை வணிகர் விரும்பவில்லை.

என் வகுப்பில் மெய்ப்பாட்டியல் நடத்தும்போது, உங்களுக்கு எதன்மேல் அச்சம் என்று மாணவியரைக் கேட்பதுண்டு. பேய் என்று சொல்லிச் சிரிப்பவர் சிலர். இரவில் தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பு என்று தாழ்ந்த குரலில் சொல்பவர் பலர். அறுபது ஆண்டுகளுக்கு முன் ரோசி கேட்ட குரலே அது. அவள் அஞ்சியது மனிதனுக்கு. அதை அழித்துப் பேய் என்று எழுதியது பிறர் கை. நம் ஊர்களிலும் அடிபட்டு வாய்பேசாதிருக்கும் பெண்ணுக்குப் 'பேய் பிடித்திருக்கிறது' என்று சொல்லிக் கைகழுவியது உண்டு.

ஆதலின் பேய்க்கதை இலக்கியமாகுமா என்ற வினாவுக்கு என் விடை இது: அச்சம் எக்களத்தில் பிறந்ததோ அக்களத்தை மறைக்காது காட்டுமாயின் ஆகும். கள்வரையும் இறையையும் மறைப்பதற்கு அணங்கைத் திரையாக இழுக்குமாயின் ஆகாது. வட்டத்தின் அடுத்த கூட்டத்தில் இதனை மறுப்போர் மறுக்கலாம், செவிமடுக்கக் காத்திருக்கிறேன்.