பேழைக்குள் புகுந்த தண்ணீர்

1938 செப்டம்பர் 23, நண்பகல். நியூயார்க் நகரின் ஃப்ளஷிங் மெடோஸ் மைதானத்தில் ஏழரை அடி நீள உலோகக் குழல் ஒன்றை 50 அடி ஆழத்துக்குள் இறக்கினார்கள். மறு ஆண்டு அங்கே நடக்கவிருந்த உலகக் கண்காட்சிக்காக வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் செய்த குழல் அது. உள்ளே அலாரம் கடிகாரம், டூத் பிரஷ், சேஃப்டி பின், பெண்கள் அணியும் தொப்பி, மிக்கி மவுஸ் கோப்பை, விதைகள், பல்லாயிரம் பக்கங்களைச் சுருக்கி எடுத்த மைக்ரோஃபிலிம். திறக்க வேண்டிய ஆண்டு கி.பி. 6939. நிறுவனத்தின் விளம்பர வேலைகளைப் பார்த்துவந்த எட்வர்ட் பெண்ட்ரே இதற்கு முதலில் யோசித்த பெயர் ‘டைம் பாம்’. ஐரோப்பாவில் போர் எப்போது வெடிக்குமோ என்றிருந்த நேரத்தில் அந்தப் பெயர் எடுபடாது என்று ‘டைம் கேப்சூல்’ ஆக்கினார்கள். தமிழில் காலப்பேழை.

பெயர் வைத்தவர் விளம்பரக்காரர் என்றாலும் பொருளைச் செய்தவர்கள் உலோகப் பொறியாளர்கள். அவர்கள் முதலில் பார்த்தது மண்ணைத்தான். ஃப்ளஷிங் மெடோஸ் பழைய சதுப்பு நிலம். பல ஆண்டுகளாக நகரத்துச் சாம்பலைக் கொட்டி மேடாக்கிய இடம். தோண்டினால் ஈரம், ஈரத்தில் உப்பு. சாதாரண எஃகு அங்கே நூற்றாண்டு தாங்குவதே சந்தேகம், ஐயாயிரம் ஆண்டு எங்கே தாங்கும்? எனவே 99 சதவீதத்துக்கும் மேல் செம்பு, சிறிது குரோமியம், துளி வெள்ளி சேர்த்த ‘குப்பலாய்’ என்ற கலவையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஈர மண்ணில் இரும்பும் செம்பும் பக்கத்தில் இருந்தால், அரிக்கப்படுவது இரும்பாகவே இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. குழலைத் துண்டுகளாக வார்த்து, திருகிப் பொருத்தி, இணைப்புகளில் உருக்கிய தார் ஊற்றினார்கள். கடைசி இணைப்பு வெளியே தெரியாதபடி தட்டித் தேய்த்து மறைக்கப்பட்டது. அதற்குள்ளே பைரெக்ஸ் கண்ணாடிக் குழாய், கண்ணாடியைச் சுற்றி நீர் ஒட்டாத மெழுகு, கண்ணாடிக்குள் காற்றை வெளியேற்றிவிட்டு நிரப்பிய நைட்ரஜன்.

இவ்வளவும் செய்தவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். பேழையில் என்ன இருக்கிறது, எந்த இடத்தில் இருக்கிறது, எப்படித் தேடுவது என்பதையெல்லாம் ஒரு புத்தகமாக அச்சிட்டு, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகளை உலகெங்கும் உள்ள நூலகங்களுக்கும் மடாலயங்களுக்கும் அனுப்பினார்கள். மண்ணை முழுதாக நம்பவில்லை என்றே இதைப் படிக்கத் தோன்றுகிறது.

யோசனை வெஸ்டிங்ஹவுஸுடையது மட்டுமல்ல. அட்லாண்டாவின் ஓகல்தார்ப் பல்கலைக்கழகத் தலைவர் தார்ன்வெல் ஜேக்கப்ஸ், 1936 நவம்பர் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் ‘நாகரிகத்தின் நிலவறை’ ஒன்றைக் கட்டப் போவதாக எழுதினார். அவர் கண் முன்னால் நின்றது எகிப்து. எகிப்திய நாட்காட்டி தொடங்கியதாக அன்று நம்பப்பட்ட கி.மு. 4241-இலிருந்து 1936 வரை 6177 ஆண்டுகள். அதே அளவு காலத்தை எதிர்காலத்திலும் கூட்டி, திறக்கும் ஆண்டை 8113 என்று குறித்தார். 1922-இல் ஹோவர்ட் கார்ட்டர் துட்டன்காமன் கல்லறையைக் கண்டுபிடித்ததிலிருந்தே மேற்குலகம் எகிப்துப் பித்தில்தான் இருந்தது. மரக்கட்டில், துணி, பூமாலை எல்லாம் மூவாயிரம் ஆண்டுக்கு மேல் நின்றதைப் பார்த்தவர்களுக்கு, பத்திரமாக வைக்க வேண்டுமானால் நிலத்துக்கடியில் வை என்ற பாடம் மனதில் பதிந்துவிட்டது. அந்தப் பூமாலையைக் காத்ததில் பெரும்பங்கு மழை அபூர்வமான பள்ளத்தாக்குக்கும் அதன் சுண்ணாம்புப் பாறைக்கும் உரியது. கல்லறையை நகலெடுக்கலாம், மழையில்லாத வானத்தை எப்படி நகலெடுப்பது?

ஜேக்கப்ஸுக்கு இது தெரிந்திருந்தது என்றே சொல்ல வேண்டும். அவருடைய நிலவறை பச்சை மண்ணில் தோண்டியது அல்ல. பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றின் அடித்தளத்தில், கருங்கல் பாறை மேல் அமைந்த அறை. முன்பு அது நீச்சல் குளமாக இருந்த இடம் என்பதுதான் வேடிக்கை. சுவர்களில் எனாமல் தகடு பதித்து, 1940 மே மாதம் துருப்பிடிக்காத எஃகுக் கதவைப் பற்றவைத்து மூடினார்கள்.

எகிப்தைத் தவிர இன்னொரு வழியிலும் இந்தப் பழக்கம் வந்தது. புதுக் கட்டடத்தின் மூலைக்கல்லுக்கு அடியில் நாணயமும் செய்தித்தாளும் வைப்பது கொத்தனார்களின் பழைய சடங்கு. 1795-இல் பாஸ்டனில் மாசசூசெட்ஸ் மாநில மாளிகைக்கு மூலைக்கல் வைத்தபோது ஆளுநர் சாமுவேல் ஆடம்ஸும் வெள்ளித் தட்டார் பால் ரெவியரும் அதைச் செய்தார்கள். அறுபது ஆண்டு கழித்து, 1855-இல், பொருள்களை எடுத்துச் சுத்தம் செய்து பித்தளைப் பெட்டியில் போட்டு மறுபடி வைக்க வேண்டியிருந்தது. 2014 டிசம்பரில் அந்தப் பெட்டி மீண்டும் வெளியே வந்தது, கட்டடத்தில் எங்கே நீர் கசிகிறது என்று தேடிக்கொண்டிருந்த வேலையாட்களின் கையால்! நல்லவேளை, உள்ளே இருந்த நாணயங்களும் செய்தித்தாள்களும் பிழைத்திருந்தன.

வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அங்குள்ள கொஸ்சியுஸ்கோ நினைவுச் சின்னத்தின் பீடத்தில் 1828 வாக்கில் வைத்த ஈயப் பெட்டியை 2023 ஆகஸ்டில் மேடை போட்டு, நேரலையில் திறந்தார்கள். உள்ளே வண்டல். கூட்டம் ஏமாற்றத்தோடு கலைந்த பிறகு வண்டலைக் கிளறியதில் ஆறு வெள்ளி நாணயங்களும் ஒரு பதக்கமும் கிடைத்தன. காகிதம் ஏதும் வைத்திருந்தார்களா என்பதை இனி யாரும் அறிய முடியாது. பெட்டியின் ஓர் ஒட்டு விட்டுப்போயிருந்தது.

இனி துல்சா. காலப்பேழைக் கதைகளில் இதற்கு ஈடு கிடையாது. ஓக்லஹோமா மாநிலம் ஆனதன் பொன்விழாவுக்காக 1957 ஜூன் 15 அன்று துல்சா நகரத்தார் புத்தம் புதிய பிளைமவுத் பெல்விடியர் கார் ஒன்றை நீதிமன்ற வளாகத்தில் புதைத்தார்கள். ஐம்பது ஆண்டு கழித்துத் திறப்பது என்று பேச்சு. வண்டியின் மேல் அடித்திருந்த வண்ணங்களுக்கு நிறுவனம் வைத்த பெயர் ‘பாலைவனத் தங்கம்’, ‘மணற்குன்று வெள்ளை’. 2007-இல் பெட்ரோல் வண்டியே இருக்காதோ என்று பத்து கேலன் பெட்ரோலும் கூடவே வைத்தார்கள். ஒரு பெட்டி பீரும். காரின் முன்பெட்டியில் ஒரு பெண்ணின் கைப்பையில் இருக்கக்கூடியவை: உதட்டுச் சாயம், கொண்டை ஊசி, சிகரெட், சில்லறை, கட்டாத பார்க்கிங் அபராதச் சீட்டு. 2007-இல் துல்சாவின் மக்கள்தொகை எவ்வளவு இருக்கும் என்று மிக நெருக்கமாகச் சொல்பவருக்கே கார் என்று ஒரு போட்டியும் வைத்தார்கள்.

அணுகுண்டு விழுந்தாலும் தாங்கும் என்று சொல்லி விளம்பரப்படுத்திய கான்கிரீட் அறை அது. கட்டியது கனைட் என்ற கலவையால், அதாவது குழாய் வழியே பீய்ச்சியடிக்கும் கான்கிரீட்டால். அமெரிக்காவில் நீச்சல் குளம் கட்டுவதற்குப் பேர்போன சரக்கு. 2007 ஜூனில் மூடியை நெம்பித் தூக்கியபோது அறைக்குள் தண்ணீர் நின்றது. சுவர்க் கறையைப் பார்த்தால், ஒரு காலத்தில் கார் முழுதாக மூழ்கிக் கிடந்திருக்கிறது. பல அடுக்கு பிளாஸ்டிக்கில் பொதிந்து வைத்த வண்டி துருவும் சேறும் பூசி வெளியே வந்தது. மறுநாள் மாலை ஆயிரக்கணக்கானோர் கூடிய அரங்கில் உறையை விலக்கினார்கள். வண்டியைக் கிளப்பிப் பார்க்க, தொலைக்காட்சியில் புகழ்பெற்ற பாய்ட் காடிங்டன் என்ற வாகனக் கலைஞரையும் வரவழைத்திருந்தார்கள். அவருக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று. போட்டியில் வென்றவர் 1979-லேயே இறந்திருந்தார். கார் அவருடைய சகோதரிகளுக்குப் போனது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு விவரம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதே அறைக்குள் காருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எஃகுக் கலமும் இருந்தது. இறுக மூடியது. அதே தண்ணீர், அதே ஐம்பது ஆண்டு. ஆனால் அதற்குள் இருந்த 48 நட்சத்திரக் கொடியும் கடிதங்களும் நல்ல நிலையில் கிடைத்தன. ஊரே கூடி நம்பியது அறையை, காப்பாற்றியது கலம்.

தண்ணீர் ஏன் இப்படி விடாமல் உள்ளே வருகிறது? முதல் குற்றவாளி குழிதான். இறுகிய களிமண்ணைத் தோண்டிப் பெட்டியை வைத்து, மண்ணைத் தளர்வாக மூடினால், சுற்றுவட்டார மழைநீருக்கு அது வசதியான தொட்டி. உள்ளே வந்த நீர் வெளியேற வழியில்லாமல் நிற்கும். நிற்கும் நீர் ஒவ்வொரு மீட்டர் ஆழத்துக்கும் காற்றழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கை மூடியின் மேல் கூடுதலாக வைக்கும். கான்கிரீட்டோ நுண்துளைகள் நிறைந்தது. காயும்போது சுருங்கி வெடிப்பு விடும். ஒரு நாள் ஊற்றியதும் மறுநாள் ஊற்றியதும் சேரும் கோட்டில் ஒட்டாமல் நிற்கும். தண்ணீர் இதில் அவசரப்படுவதில்லை.

இரண்டாவது, பெட்டி மூச்சு விடும். சூடான சோற்றை வைத்து இறுக மூடிய டிபன் பாக்ஸ் ஆறிய பிறகு திறக்க வராமல் அடம்பிடிக்குமே, அதே சங்கதிதான். குளிர்ந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். வெளியிலிருந்து எதையாவது இழுக்கும். ரப்பர் வளையத்தில் மயிரிழை இடைவெளி இருந்தால் போதும், இழுபடுவது ஈரக் காற்று. பெட்டி நீரில் மூழ்கியிருந்தால் நீரே. கோடையில் காற்றை வெளியே தள்ளும், குளிரில் தண்ணீரை உள்ளே வாங்கும். ஆழம் குறைந்த குழிகளில் இந்த ஏற்ற இறக்கம் அதிகம். பள்ளிக்கூடத் தோட்டத்தில் இரண்டு மூன்று அடியில் புதைப்பவை சீக்கிரம் கெடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ரப்பர் தானே வயதாகி, நசுங்கிய வடிவத்திலேயே நின்று, பிடிப்பை இழந்துவிடும். பாலித்தீன் உறையோ நீர்த்துளியைத் தடுக்கும், நீராவியை மெல்ல விட்டுவிடும். ஒரு முறை ஈரம் புகுந்த பிறகு அதே உறை ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும்.

மூன்றாவதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. தண்ணீரை நாமே உள்ளே வைக்கிறோம். 30 டிகிரி வெப்பத்தில் ஈரம் நிறைந்த ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 30 கிராம் நீராவி இருக்கும். 15 டிகிரியில் சுமார் 13 கிராம்தான் நிற்கும், மீதி துளியாகும். நூறு லிட்டர் பெட்டியில் இது இரண்டு கிராம்கூட இல்லை, பெரிய ஆபத்தில்லை. ஆனால் காகிதத்தின் எடையில் ஐந்தாறு சதவீதம் இயல்பாகவே ஈரம்தான். பத்து கிலோ கடிதமும் செய்தித்தாளும் அடுக்கினால் அரை கிலோவுக்கு மேல் தண்ணீரை அடுக்கியதாகிறது. மேள தாளத்தோடு மழை நாளில் மூடும் பெட்டிக்கு இது இன்னும் கூடும். சிலிக்கா ஜெல் பொட்டலம் குறிப்பிட்ட அளவு ஈரத்தைக் குடித்ததும் நிறுத்திக்கொள்ளும். அதன் பிறகு அது வெறும் மணல்.

ஆக, பேழைக்கு வேண்டியது பற்றவைத்த உலோகம், மந்த வாயு, உலர்ந்த பொருள்கள். இவற்றை முறையாகச் செய்து ஈர நாட்டிலும் ஜெயித்தவர்கள் உண்டு. 1970 ஒசாகா உலகக் கண்காட்சிக்காக மாட்சுஷிடா நிறுவனமும் மைனிச்சி நாளிதழும் சேர்ந்து இரண்டு உலோகப் பேழைகள் செய்து, ஒவ்வொன்றிலும் 2,098 பொருள்கள் வைத்து, ஒசாகா கோட்டைப் பூங்காவில் புதைத்தன. ஒன்று 6970 வரை அப்படியே இருக்க வேண்டியது. மற்றதை 2000-இல் திறந்து பார்த்தார்கள். பொருள்கள் நன்றாகவே இருந்தன. மூடித் திரும்ப வைத்தார்கள், இனி நூறாண்டுக்கு ஒரு முறை திறப்பதாகத் திட்டம். ஒன்றைச் சோதனைக்கென்றே ஒதுக்கிய இந்த நிதானம் துல்சாவில் இல்லை.

அவ்வளவு செலவு செய்ய முடியாதவர்கள் என்ன செய்வது? புதைக்கவே வேண்டாம் என்கிறார்கள் பொருள்பாதுகாப்பு வல்லுநர்கள். நான் அவர்கள் கட்சி. 1876-இல் பிலடெல்பியா நூற்றாண்டுக் கண்காட்சியில் டீம் என்ற பெண்மணி வைத்த இரும்புப் பெட்டகம் வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தில் கிடந்தது, மண்ணுக்கடியில் அல்ல. 1976-இல் அதிபர் ஃபோர்டு முன்னிலையில் திறந்தபோது கையெழுத்துப் புத்தகங்களும் புகைப்படங்களும் படிக்கும்படி, பார்க்கும்படி இருந்தன. கூரைக்குக் கீழே, தரைக்கு மேலே, ஓர் அலமாரிக்குள். விழா எடுக்க இது அவ்வளவு தோதில்லை. மண்வெட்டியோடு படம் எடுத்துக்கொள்ள முடியாது. பள்ளியும் நகராட்சியும் நிறுவனமும் விடாமல் குழி தோண்டுவதற்கு அந்தப் படம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

துல்சாக்காரர்கள் புதைத்த காரைத் தோண்டுவதற்கு முன்பே கொஞ்சம் புத்திசாலிகள் ஆகியிருந்தார்கள். 1998-இல் இன்னொரு காரை, பிளைமவுத் ப்ரவ்லர் ஒன்றை, ஒரு பூங்காவில் அடைத்தார்கள். இந்த முறை அறை தரைக்கு மேலே. திறக்கும் ஆண்டு 2048. பிளைமவுத் என்ற பெயரில் கார் வருவது 2001-லேயே நின்றுவிட்டது. முதல் கார், நியூஜெர்சியில் துரு நீக்குகிற ஒரு நிறுவனத்தில் பல ஆண்டுகள் கழுவப்பட்டு, இப்போது இல்லினாய் மாநிலத்தின் ராஸ்கோ ஊர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. வெளித் தகட்டில் ஓரளவு பளபளப்பு திரும்பியிருக்கிறது. அடிச்சட்டம் துருவில் தின்றுபோனது போனதுதான்.