ராக் இசைத்தட்டுச் சேகரிப்பும் மேடை ஒளிப்படமும்

ராக் இசைத்தட்டுச் சேகரிப்பு என்பது, பெரும்பாலும் 1960, 70களில் வெளிவந்த நீள் இசைத்தட்டுகளை, அதாவது 1948இல் கொலம்பியா நிறுவனம் அறிமுகப்படுத்திய, நிமிடத்திற்கு 33⅓ முறை சுழலும் வினைல் தட்டுகளை, அவற்றின் உறையோடு தேடிப் பேணுவதாகும். இந்தியச் சேகரிப்பாளர்கள் பெரிதும் விரும்புபவற்றுள் 'சிம்லா பீட்' என்னும் ராக் இசைக்குழுப் போட்டியின் தொகுப்புத் தட்டுகளும் அடங்கும்.

இதனோடு நெருங்கிய கலை, இசை மேடையைப் படச்சுருளில் பதிவு செய்வது. மின்னொளி வீச்சு கலைஞரின் கவனத்தைக் குலைப்பதோடு மேடை ஒளியின் இயல்பையும் அழித்துவிடும் என்பதால், 400 வேகக் கருப்பு வெள்ளைச் சுருளை 1600 எனக் கொண்டு படமெடுத்து, உருத்துலக்கும் நேரத்தை நீட்டி ஈடுசெய்வர். இம்முறையில் மணித்தன்மையும் ஒளி முரணும் மிகும், ஆயினும் இருளில் பதியாத விவரம் மீளாது. சுருள் உள்நாட்டிலேயே கிடைக்க உதகமண்டலத்து இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை 'இந்து' என்னும் பெயரில் தயாரித்து வழங்கியது, இந்திய ஒளிப்பட வரலாற்றில் உரிய கவனம் பெறாத பெரும்பணியாகும்.

திருவனந்தபுரத்தில் 2003இல் உருவான 'அவியல்' குழு, மலையாளத்தில் ராக் இசையை நிலைநிறுத்தி, 2008இல் தன் முதல் தொகுப்பை வெளியிட்டபோது, படச்சுருளுக்கு மாற்றாக எண்முறை ஒளிப்படக்கருவி பரவலாகியிருந்தது. எனினும் பழைய சுருள்களையும் தட்டுகளையும் பேணுவோர்க்கு, இந்நகரின் கடலோர ஈரப்பதத்தில் சுருளின் ஊன்பசைப் பூச்சிலும் தட்டின் அட்டை உறையிலும் பூஞ்சை எளிதில் படர்வதால், சுருள்களைச் சிலிக்கா ஜெல்லுடன் காற்றுப் புகாத பெட்டியில் வைப்பதும், தட்டுகளை வளையாதிருக்கச் செங்குத்தாக அடுக்குவதும் இன்றியமையாதன.