கருவின் கால்சியம்: குன்னூரில் தொடங்கிய கதை

"தாய் என்ன சாப்பிட்டாலும் குழந்தை தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும்" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இது பாதிதான் உண்மை!

ஜவ்வாது மலை அடிவாரத்தில், கண்ணமங்கலம் பக்கம் கேழ்வரகுக் களி பழகிய சாப்பாடு. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 340 மி.கி. கால்சியம் உண்டு. அரிசியில் 10 மி.கி. அளவுதான். இப்படி நம் உணவுகளை அளந்து அட்டவணை போட்ட ஆய்வுக்கூடம் தமிழ்நாட்டில் பிறந்தது. 1918ல் ராபர்ட் மக்காரிசன் பெரிபெரி நோயை ஆராய, குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஒரு அறையில் அதைத் தொடங்கினார். 1958ல் அது ஐதராபாத்துக்கு மாறியது. 1969ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது.

1978ல் அங்கே லீலா ராமன் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சத்துக் குறைந்த கர்ப்பிணிகளில் சிலருக்கு தினமும் 300 மி.கி., சிலருக்கு 600 மி.கி. கால்சியம் கொடுத்தார்கள். அவர்களுடைய குழந்தைகளின் எலும்பு, கால்சியம் பெறாத தாய்மாரின் குழந்தைகளுடையதை விட அடர்த்தியாக இருந்தது. அப்படியென்றால் மற்றக் குழந்தைகளால் வேண்டிய அளவு எடுத்துக்கொள்ள முடியவில்லை!

கரு கால்சியத்தை எப்படி எடுக்கிறது? தாயின் ரத்தத்தில் இருப்பதை விட கருவின் ரத்தத்தில் கால்சியம் அதிகம். குறைவான இடத்திலிருந்து அதிகமான இடத்துக்கு அது தானாகப் போகாது. நச்சுக்கொடி பம்ப் செய்து ஏற்றுகிறது. பிறக்கும்போது குழந்தையிடம் இருக்கும் சுமார் 30 கிராமில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில் சேர்வது.

இந்தப் பம்பை இயக்குவது எது? பிறந்த பிறகு கால்சியத்தைக் கட்டுப்படுத்துவது பாராதைராய்டு ஹார்மோனும் வைட்டமின் டியும். கருவிலோ கதை வேறு. 1987ல் சில புற்றுநோயாளிகளுக்கு ரத்தத்தில் கால்சியம் ஏறுவது ஏன் என்று தேடியவர்கள், பாராதைராய்டு ஹார்மோனைப் போன்ற ஒரு புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். பெயர் பி.டி.ஹெச்.ஆர்.பி. அடுத்த ஆண்டே ஆட்டுக் கருவில் நச்சுக்கொடியின் பம்பைத் தூண்டுவது இதுதான் என்று தெரிந்தது. 1996ல் இந்தப் புரதம் இல்லாத சுண்டெலிக் கருக்களுக்குக் கால்சியம் சரியாகப் போய்ச் சேரவில்லை என்று கண்டார்கள்.

பம்ப் எவ்வளவு நன்றாக ஓடினாலும் கிணற்றில் தண்ணீர் வேண்டுமே! தாயின் குடல் கர்ப்ப காலத்தில் இரு மடங்கு கால்சியத்தை உறிஞ்சும். ஆனால் சாப்பாட்டில் இருந்தால்தானே உறிஞ்ச முடியும்? 2014ல் மத்திய அரசின் வழிகாட்டுதல், கர்ப்பிணிகளுக்கு 14வது வாரத்திலிருந்து தினமும் 1 கிராம் கால்சியம் மாத்திரையாகக் கொடுக்கச் சொன்னது. "குழந்தை தானே எடுத்துக்கொள்ளும்" என்று அந்த மாத்திரையை அலமாரியில் போட்டு வைக்கும் வீடுகளுக்கு 1978லேயே பதில் கிடைத்துவிட்டது.