மேலூர் பக்கத்து பஞ்சாயத்துக் கதை

மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். நான் படிப்பது பி.காம். வரவு செலவுதான் நம்ம பாடம், வரலாறு இல்லை. ஆனாலும் இந்த ரூட்டில் போகும்போதெல்லாம் எழுதணும் என்று நினைத்த விஷயம் இது.

முதலில் ஊரைப் பற்றி. மதுரைக்கு வடகிழக்கே, திருச்சி நெடுஞ்சாலையில் இருக்கிறது மேலூர். சுற்றிலும் பாறைக் குன்றுகள், இடையில் கண்மாய்கள், வயல்கள். பென்னிகுக் 1895-ல் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர், வைகையில் சேர்ந்து, பேரணையில் பிரிந்து, கால்வாய் வழியாகக் கடைசியில் வருவது இந்தப் பக்கம்தான். கடைமடை என்பதால் தண்ணீரைக் கேட்டு வாங்கியே பழகியவர்கள். டவுனுக்கு நகராட்சி, கிராமங்களுக்கு ஊராட்சி.

ஊராட்சித் தலைவர் என்றால் தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், அவ்வளவுதானே என்று நானும் நினைத்திருந்தேன். மேலவளவு கதை தெரிந்ததும் அந்த நினைப்பு போய்விட்டது. 1994-ல் வந்த தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி 1996-ல் தேர்தல் நடந்தது. மேலவளவு தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்க சாதியினர் சிலர் எதிர்த்தார்கள். தேர்தலே தடைப்பட்டு, பிறகுதான் முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று மதுரை கலெக்டர் ஆபீஸ் போய்விட்டு பஸ்ஸில் திரும்பியவரை வழிமறித்து, அவரையும் துணைத் தலைவர் மூக்கன் உட்பட இன்னும் 5 பேரையும் வெட்டிக் கொன்றார்கள். 2001-ல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ஒரு நாற்காலிக்காக 6 உயிர்!

அதே மேலூர் தாலுகாவில்தான் அரிட்டாபட்டியும் இருக்கிறது. தமிழி கல்வெட்டும் பாண்டியர் காலக் குடைவரைக் கோயிலும் உள்ள ஊர். 2022-ல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில், அரிட்டாபட்டியின் ஒரு பகுதியும் சேர்ந்த சுமார் 5,000 ஏக்கரில் டங்ஸ்டன் எடுக்க, மத்திய அரசின் ஏலத்தில் ஒரு நிறுவனம் தேர்வானது. கிராம சபைகள் கூடி வேண்டாம் என்று தீர்மானம் போட்டன. டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-ல் மேலூர் பக்கத்து மக்கள் ஆயிரக்கணக்கில் மதுரைக்குப் பேரணியாக வந்தார்கள். ஜனவரி 23-ல் ஏலம் ரத்து.

கிராம சபைத் தீர்மானம் மட்டுமே இதைச் சாதித்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'எங்க ஊருக்கு இது வேண்டாம்' என்று ஊர் கூடி எழுதிக் கொடுக்க சட்டப்படி ஓர் இடம் இருந்தது. அங்கிருந்துதான் மற்றதெல்லாம் வலுத்தது.

இதில் இன்னொரு வேடிக்கை. அதே 2025 ஜனவரியில்தான் 2019 தேர்தலில் ஜெயித்த ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்தது. உடனே தேர்தல் வைக்கவில்லை, தனி அலுவலர்களை நியமித்தார்கள். முருகேசன் உயிரைக் கொடுத்த நாற்காலியை இப்படிக் காலியாக விட்டதை எந்தக் கணக்கில் எழுதுவது? எந்த அக்கவுண்டன்சி புத்தகத்திலும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.